கணினியின் கடிகாரமும் நம் தொழுகை நேரமும்

(நமது அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி வகுப்பு மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர் ஆகியோர் கலந்துகொண்ட மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

  

இந்த மாதம் கல்வி உதவித்தொகை பற்றிப் பேசுவதாக அறிவித்திருந்தோம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன், ஆனால் கடிகாரத்தில் தொடங்குகிறேன். காரணம் இருக்கிறது. இந்த ஆண்டு உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க முடியவில்லை என்று நம்மிடம் வந்த பிள்ளைகளில் மூன்று பேருடைய கணினியில் வேறு எந்தக் கோளாறும் இல்லை, தேதி மட்டும்தான் தப்பு. ஒன்றில் 2009 ஜனவரி, ஒன்றில் 2012, இன்னொன்றில் தேதி சரியாக இருந்தது, நேரம் மட்டும் ஐந்தரை மணி பின்னால் இருந்தது.

தேதி தப்பாக இருந்தால் இணையதளம் ஏன் திறக்காது? ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளமும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. நம் டிரைவிங் லைசென்ஸ் போல அதற்கும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று கெடு உண்டு. நம் கணினி அந்தச் சான்றிதழை வாங்கித் தன்னிடம் இருக்கும் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கணினி 2012 என்று நினைத்துக்கொண்டிருந்தால், இந்த ஆண்டு கொடுத்த சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத பிள்ளை. உடனே ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று சிவப்பாகக் காட்டும். நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல் ஆனாலும் பேங்க் ஆனாலும் இதே கதைதான். அந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிட்டு ‘பரவாயில்லை, உள்ளே போ’ என்று அழுத்தும் பழக்கம் சில பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், பேங்க் விஷயத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள். உண்மையாகவே யாராவது நடுவில் புகுந்திருந்தாலும் அதே சிவப்புத்தான் வரும். பழகிப்போன கண்ணுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அந்த மூன்றில் ஒரு கணினியை அந்தப் பிள்ளையின் அம்மா ஒரு கடையில் காட்டியிருக்கிறார். ‘ஹார்டு டிஸ்க் போய்விட்டது, புதிதாக விண்டோஸ் போட வேண்டும், 2,500 ஆகும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். தையல் வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைக்கும் பெண் அவர். அந்தக் கணினிக்குத் தேவைப்பட்டது 40 ரூபாய் பட்டன் செல் ஒன்றுதான். கடையின் பெயர் நமக்கு வேண்டாம். ஏமாற்றும் எண்ணத்தோடுதான் சொன்னார்கள் என்றும் நான் சொல்லவில்லை. தெரியாமலும் சொல்லியிருக்கலாம். நமக்குத் தெரிந்திருந்தால் அந்தப் படியையே ஏற வேண்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கணினிக்குள் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. ஒன்று வன்பொருள் கடிகாரம். மதர்போர்டில் இருக்கும் அது, கணினியை அணைத்தாலும் ஓடும். இன்னொன்று, கணினி ஓடும்போது விண்டோஸோ லினக்ஸோ தானாக எண்ணிக்கொண்டிருக்கும் கடிகாரம். திரையின் மூலையில் நாம் பார்ப்பது இந்த இரண்டாவது. கணினியைப் போட்டவுடன் இரண்டாவது கடிகாரம் முதலாவதைப் பார்த்துத்தான் மணியைத் தெரிந்துகொள்ளும். அதனால் முதலாவது பொய் சொன்னால் இரண்டாவதும் பொய் சொல்லும். இணையம் கிடைத்த பிறகு வெளியே உள்ள நேர சர்வரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும், திருத்த முடிந்தால்.

1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் அணைத்தாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் ‘இன்று என்ன தேதி, என்ன மணி’ என்று கேட்கும், நாம் அடிக்க வேண்டும். 1984இல் வந்த ஏடி மாடலில்தான் பேட்டரியோடு கூடிய கடிகாரச் சில்லு வந்தது. இன்றுவரை அதே ஏற்பாடுதான். அதற்குள் ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. கையில் கட்டும் குவார்ட்ஸ் கடிகாரத்திலும் இதே எண்ணிக்கைதான். 32,768ஐப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும், அப்படித்தான் அது ஒரு வினாடியை எண்ணுகிறது. சாதாரணமாக இது ஒரு நாளைக்கு ஓரிரு வினாடி முன்பின்னாகும். கேட்கச் சின்னதாக இருக்கிறது. யாரும் திருத்தாமல் விட்டால் ஓராண்டில் பத்து நிமிடம்.

இந்தக் கடிகாரத்துக்கு உயிர் கொடுப்பது சிஆர் 2032 என்ற பட்டன் செல். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவில் வெள்ளையாக இருக்கும். நாலைந்து ஆண்டு வரும். கணினிக்குச் சுவரில் கரண்ட் இருக்கும்போது கடிகாரம் அந்தக் கரண்டிலேயே ஓடும், செல் செலவாகாது. நம் வீடுகளில் இடி மின்னலுக்குப் பயந்து சுவர் சுவிட்சையே அணைத்து வைப்போம். அது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் செல் கொஞ்சம் சீக்கிரம் தீரும் என்று தெரிந்திருக்கட்டும். அது போக, குருசுக்குப்பத்தில் கடல் எத்தனை அடியில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியைத் தின்னும் உப்புக்காற்று செல்லைப் பிடித்திருக்கும் தகட்டையும் விட்டு வைக்காது. புது செல் போட்டும் நேரம் நிற்கவில்லை என்றால் அந்தத் தகட்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

செல் தீர்ந்ததற்கு அடையாளம்: சுவிட்சை அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும், அல்லது கறுப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். மேஜைக் கணினி என்றால் மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. முதலில், கணினியைப் போட்டவுடன் டெலிட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸ் திரைக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்லைக் கழற்றினால் அங்கே உள்ள அமைப்புகள் பழைய நிலைக்குப் போய்விடும். ஹார்டு டிஸ்க் எந்த முறையில் வேலை செய்ய வேண்டும் என்ற அமைப்பும் அதில் ஒன்று. அது மாறிவிட்டால் விண்டோஸ் ஏறாது, அப்புறம் மறுபடியும் கடைக்காரர் ‘ஹார்டு டிஸ்க்’ என்பார். படம் எடுத்த பிறகு கணினியை அணைத்து, வயரையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். மூடியைத் திறந்து, செல்லின் ஓரத்தில் உள்ள கொக்கியை நகத்தால் தள்ளினால் செல் தானாக எழும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வையுங்கள். மடிக்கணினியில் செல்லுக்குச் சின்ன வயரும் பிளக்கும் இருக்கும். சில புது மாடல்களில் தனிச் செல்லே கிடையாது. அதனால் மடிக்கணினியை நீங்களாகத் திறக்காமல் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.

தாய்மார்கள் இங்கே கொஞ்சம் கவனியுங்கள். இந்தப் பட்டன் செல் சின்னப் பிள்ளைகளின் கைக்குக் கிடைக்கவே கூடாது. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு அது. சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கி ஓட்டை போடத் தொடங்கும். தீர்ந்த செல் என்றாலும் அதில் மிச்சம் இருக்கும் சக்தியே போதும். பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல், நேராக ஜிப்மர் போன்ற எக்ஸ்ரே வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கழற்றிய செல்லை இரண்டு பக்கமும் டேப் ஒட்டி நம் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். ரிமோட், பொம்மை, எடை பார்க்கும் தட்டு எல்லாவற்றிலும் இந்தச் செல் இருக்கிறது.

அடுத்தது நேர மண்டலம். இது நம் ஊருக்கே உரிய பிரச்சினை. நம்மில் எத்தனையோ வீட்டில் சொந்தக்காரர்கள் பிரான்சில் இருக்கிறார்கள். அவர்கள் லீவுக்கு வரும்போது பழைய மடிக்கணினியை மருமகனுக்கோ மச்சான் பிள்ளைக்கோ கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதில் பாரிஸ் நேரம் இருக்கும். நமக்கும் பாரிஸுக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி வித்தியாசம். பிள்ளை என்ன செய்கிறது? மண்டலத்தை மாற்றாமல் மணியை மட்டும் கையால் நகர்த்தி வைக்கிறது. பார்க்கச் சரியாக இருக்கும். ஆனால் கணினி மனசுக்குள் இன்னும் பாரிஸில்தான் இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். இந்தக் கணினியும் சொல்லாமல் கொள்ளாமல் அதையே செய்யும். 2025இல் அந்த மார்ச் ஞாயிறு 30ஆம் தேதி, இங்கே 29ஆம் நோன்பு. அப்படிப்பட்ட கணினியை நம்பி அன்று ஸஹருக்கு எழுந்திருந்தால், உண்மையில் நாலு மணி ஆகும்போது அது ஐந்து காட்டியிருக்கும். சாப்பாட்டைச் சீக்கிரம் நிறுத்தினால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் பஜ்ர் வக்து ஐந்துக்குச் சற்று முன்புதான் வருகிறது. நேரம் வருமுன் தொழுத பஜ்ர் பர்ளாக நிறைவேறாது.

அதனால் மணியைத் தொடுவதற்கு முன் மண்டலத்தைப் பாருங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், அதில் நேரமும் மொழியும், அதில் தேதியும் நேரமும். அங்கே ‘யுடிசி கூட்டல் 05:30, சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி’ என்று இருக்க வேண்டும். லினக்ஸில் ஆசியா, கொல்கத்தா. மண்டலம் சரியான பிறகு ‘நேரத்தைத் தானாக அமை’ என்பதைப் போட்டு, ‘இப்போதே ஒத்திசை’ என்ற பட்டனை அழுத்துங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் வீட்டு விண்டோஸ் பொதுவாகத் தானாகத் திருத்திக்கொள்ள மறுக்கும். இவ்வளவு பெரிய தப்பு இருக்காது, சர்வர்தான் தப்புச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளும். 2009இல் நிற்கும் கணினி பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் திருந்தாததற்கு இதுதான் காரணம். முதலில் கையால் இன்றைய தேதியையும் ஏறக்குறைய மணியையும் வைத்து, பிறகு ஒத்திசையுங்கள்.

மூன்றாவது, அந்த ஐந்தரை மணிக் கணக்கு. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் லினக்ஸ் நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் மருமகளாக வந்தவர்களோடும், அக்கா வீடு அண்ணன் வீடு வழியாகவும் அந்தக் கணினிகள் நம் தெருக்களுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. பத்து ஆண்டுக்கு மேல் ஆகியும் ஓடுகின்றன, மாஷா அல்லாஹ். லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் ஐந்தரை மணி பின்னால் காட்டும். விண்டோஸில் திருத்திவிட்டு லினக்ஸுக்குப் போனால் ஐந்தரை மணி முன்னால் காட்டும். வைரஸ் என்று பயப்படுகிறார்கள். வைரஸ் இல்லை. இரண்டு பேர் ஒரே கடிகாரத்தை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

விண்டோஸ், பழைய டாஸ் காலத்துப் பழக்கப்படி, வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் மணியை எழுதி வைக்கும். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை, அதாவது யுடிசியை எழுதி, காட்டும்போது மட்டும் ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டும். மாலை ஆறரை மணிக்கு லினக்ஸை அணைத்தால் வன்பொருள் கடிகாரத்தில் பகல் ஒரு மணி என்று இருக்கும். உடனே விண்டோஸ் வந்து அதைப் பார்த்து ‘மணி ஒன்று’ என்று நம்பிவிடும். இருவரில் ஒருவரை மற்றவர் வழிக்குக் கொண்டு வர வேண்டும். லினக்ஸ் பக்கம் மாற்றுவது சுலபம். புதுப் பதிப்புகளில், ‘வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கிறது’ என்று சொல்லும் ஒரே ஒரு கட்டளை. பழைய பதிப்பில் ஒரு அமைப்புக் கோப்பில் யுடிசி என்ற இடத்தில் ‘ஆம்’ என்றிருப்பதை ‘இல்லை’ என்று மாற்ற வேண்டும். இரண்டையும் வகுப்பில் பலகையில் எழுதியிருக்கிறோம், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்தவர்கள் ‘விண்டோஸைத்தான் யுடிசிக்கு மாற்ற வேண்டும், அதுதான் முறை’ என்பார்கள். பிரான்சில் இருந்தால் அவர்கள் சொல்வது சரி, அங்கே ஆண்டுக்கு இரண்டு முறை மணி மாறுவதால் உள்ளூர் நேரம் குழப்பம் தரும். இந்தியாவில் அப்படி மாற்றமே இல்லை. நம் வீட்டுக்கு எது சுலபமோ அது போதும் என்பது என் கருத்து.

சரி, சரியான நேரம் என்றால் எது? 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் என்பது 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். அதற்கு முன் மதராஸ் நேரம் என்று ஒன்று இருந்தது, ரயில்கள்கூட அதன்படி ஓடின. அது இப்போதைய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் போல் பின்னால். இன்று புது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களை வைத்து இந்திய நேரத்தைக் காக்கிறது. ஆனால் சூரியன் டெல்லியைக் கேட்டு நடப்பதில்லை. புதுச்சேரி ஏறத்தாழ 79.8 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிடம். ஆகவே நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 11 நிமிடத்துக்கு. நவம்பர் தொடக்கத்தில் 11:54க்கே உச்சி, பிப்ரவரி நடுவில் 12:25க்குத்தான். லுஹர் நேரம் ஆண்டு முழுக்க ஏன் நகர்கிறது என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டார், இதுதான் பதில்.

தொழுகை நேரம் காட்டும் மென்பொருளுக்கு மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும்: இடம், மண்டலம், கடிகாரம். அஸருக்கு ஷாஃபியா ஹனஃபியா என்பது நான்காவது, அதை உங்களுக்கே தெரியும். இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. மாஹேயும் புதுச்சேரி மாநிலம்தான், ஆனால் கேரளக் கரையில், நமக்கு நாலே கால் பாகை மேற்கே. அங்கே மஃரிப் நமக்குப் பதினேழு நிமிடம் பின்னால். மாநிலப் பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் ஊர்ப் பெயரைப் பாருங்கள். காரைக்கால் பரவாயில்லை, அது நமக்கு நேர் தெற்கே.

கடிகாரத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். சென்ற ரமலானில் ஒரு வீட்டில் கணினியில் பாங்கு மென்பொருள் வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மா, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு கிளம்ப வேண்டும் என்று சுவர்க் கடிகாரத்தை ஏழு நிமிடம் கூட்டி வைப்பவர். நம் வீடுகளில் பாதியில் இந்தப் பழக்கம் உண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணினியையும் யாரோ அதே மாதிரி வைத்துவிட்டார்கள், தானாகத் திருத்துவதையும் அணைத்துவிட்டார்கள். மஃரிபுக்கு ஏழு நிமிடம் முன்பே கணினி பாங்கு சொன்னது. மேகம் மூடிய நாள். பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துவிட்டார்கள். கஞ்சி பாதி குடித்த பிறகு பள்ளிவாசல் பாங்கு கேட்டது. வேண்டுமென்று செய்ததல்ல, அதனால் குற்றம் இல்லை. ஆனால் அந்த நோன்பை வீட்டில் ஏழு பேரும் களாச் செய்ய வேண்டியதாயிற்று. அதில் ஒருவர் சர்க்கரை நோயாளியான பெரியவர், அந்த ஒரு நோன்பை மறுபடி வைக்க அவர் பட்ட பாடு அந்த வீட்டாருக்குத் தெரியும். ஸஹரில் கடிகாரம் பின்னால் இருந்தாலும் இதே நிலைதான், இரவு இருக்கிறது என்று நினைத்து வக்து வந்த பிறகு சாப்பிட்டால் களா உண்டு. சுவர்க் கடிகாரத்தை எப்படி வேண்டுமானாலும் வையுங்கள், கணினியையும் செல்போனையும் விட்டுவிடுங்கள்.

தொழுகை நேரத்தோடு சேர்த்துக் கடமையாக்கப்பட்டது. அதனால்தான் பழைய காலத்துப் பெரிய பள்ளிவாசல்களில் முவக்கித் என்று நேரம் கணிக்கவே ஒருவரை வைத்திருந்தார்கள். டமாஸ்கஸ் உமையாப் பள்ளியில் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாத்திர் பெரிய வானியல் அறிஞர். 1371 வாக்கில் அந்தப் பள்ளியின் மினாராவில் அவர் அமைத்த சூரியக் கடிகாரம் பேர்பெற்றது. மத்ரஸாவில் ஓதிய காலத்தில் இந்தப் பெயரை நான் கேட்டதில்லை, கல்லூரிக்குப் போன பிறகுதான் கேட்டேன். நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

இன்னும் ஒன்று, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள். இரவு 12 மணிக்கு மூடும் என்றால் அது அந்த சர்வரின் 12 மணி, நம் திரையில் உள்ளதல்ல. உங்கள் கணினி பத்து நிமிடம் மெதுவாக இருந்தால் 11:52 என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே கதவு மூடியிருக்கும். அதே போல நம் அலுவலகக் கணினியில் இப்போது வாரம் ஒரு முறை நேரத்தைச் சரிபார்க்க ஒரு தம்பியிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறோம். ஜகாத், ஸதகா ரசீதில் தேதி கணினியே போடுகிறது. கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதி வைக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு 2009 தேதி போட்ட ரசீதை ஆடிட்டரிடம் நீட்ட முடியாது.

நம் அலுவலகத்தில் பட்டன் செல் மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறோம், வாங்கிய விலைக்கே தருவோம், முடியாதவர்களுக்கு இலவசம். ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு வகுப்பு மாணவர்கள் நாலு பேர் இருப்பார்கள். மடிக்கணினி கொண்டு வருபவர்கள் சார்ஜரையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். மேஜைக் கணினி என்றால் பெட்டி மட்டும் போதும், திரை வேண்டாம். உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வேண்டிய ஆவணங்களின் பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது, போகும்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள்.